விளிம்பை மடிக்காமல் வெளியே விடாதீர்கள்

இடவப்பாதிக்கு இன்னும் சில வாரம்தான் என்றால், பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை எந்த ஊடுவழியில் நடந்தாலும் தகடு அறுக்கும் சத்தம் காதில் விழும். ஊரம்பு, பனச்சமூடு, இஞ்சிவிளை, தனுவச்சபுரம் என்று வீட்டோடு ஒட்டிய சாய்ப்புகளில் அலுமினியத் தகடு மழைப்பாத்தியாகிறது, சன்ஷேடாகிறது, கோழிக்கூட்டுக்குக் கூரையாகிறது, அடுக்களை அலமாரிக்குக் கதவாகிறது. மழைக்கு முன்னால் முடித்துக் கொடுத்தாக வேண்டும் என்ற அவசரத்தில் வேலை நடக்கிறது. அந்த அவசரத்தின் நடுவில் புகுந்துதான் நானும் பேச வேண்டியிருக்கிறது. மழை பெய்து முடிந்தபின் சொன்னால் யாருக்கும் பயனில்லை.

சொல்ல வந்தது இதுதான். வெட்டிய விளிம்பை வெட்டியபடியே சாய்ப்பை விட்டு வெளியே அனுப்பாதீர்கள். மடியுங்கள். மடிக்க வழியில்லாத இடத்தில் அரம் போட்டு, விரல் ஓடினால் வழுக்குகிற மாதிரி உருட்டுங்கள். வீட்டுக்காரர் கேட்கவில்லையே, அதற்குக் கூலி பேசவில்லையே, மேலே ஏறிவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள் என்ற மூன்று சமாதானங்களையும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

யார் கை அறுபடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் கை அறுபட்டால் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்வீர்கள். அது உங்கள் பாடு. ஆனால் பாத்தி ஒரு வீட்டில் ஏறி ஒரு வருடம் ஆனபின் என்ன நடக்கிறது? மார்கழி, தை, மாசியில் ரப்பர் மரம் இலையை உதிர்த்துவிடுகிறது. உதிர்ந்த இலையெல்லாம் பாத்தியில் போய்ப் படிகிறது. முதல் மழைக்குத் தண்ணீர் போக வழியில்லாமல் சுவரில் வடிகிறது. வீட்டில் இருக்கிற அம்மாவோ, அப்பூப்பனோ ஏணியைச் சாய்த்து ஏறி, கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் கையை விட்டு, நனைந்த இலையை வாரி வாரி வெளியே போடுகிறார். அந்த இலைக்கு அடியில் முக்கால் மில்லிமீட்டர் தகட்டின் பச்சை வெட்டு காத்திருக்கிறது. தகட்டு வெட்டில் வலி உடனே வராது. சற்றுக் கழித்துத்தான் தெரியும். விரலை மடக்கும் தசைநாண் அறுந்துபோனால் விரல் பிறகு சொன்னபடி கேட்காது. அந்த விரல் ரப்பர் வெட்டுக் கத்தியைப் பிடிக்கிற விரலாக இருந்தால் ஒரு வீட்டின் வருமானமே அதோடு நின்றுபோகும். இத்தனையும் நடக்கும்போது நீங்கள் வேறு ஏதோ வீட்டுக்கு வேறு ஏதோ பாத்தி அடித்துக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்குத் தெரியவே தெரியாது.

அதிலும் இந்த எல்லைப் பக்கத்தில் இன்னொன்று உண்டு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்துக்கும் போயின. தகட்டுக்கு அந்தக் கோடு கிடையாது. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வாங்கிய தகடு பாறசாலையில் மடங்கி, குழித்துறைப் பக்கம் ஒரு வீட்டின் மேல் ஏறுகிறது. மார்த்தாண்டத்தில் வாங்கியது அமரவிளையில் கோழிக்கூடாகிறது. செய்தவரும் தொடுகிறவரும் ஒருவரையொருவர் முகம் பார்க்காமல் போவது இங்கே சாதாரணம். முகம் பார்க்காத ஒருவருக்காகச் செய்யும் வேலையில்தான் மனிதன் எப்படிப்பட்டவன் என்பது தெரியும்.

விளிம்பு எப்படி இருக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ளத் தொலைவுக்குப் போக வேண்டாம். ரப்பர் இருக்கிற வீட்டில் பால் உறையவிடும் அலுமினியத் தட்டை எடுத்துப் பாருங்கள். டிஷ் என்று சொல்வோமே, அதுதான். பாலில் தண்ணீர் சேர்த்து, உலர் ரப்பர் நூற்றுக்குப் பன்னிரண்டரைப் பங்கு ஆகும்படி இளக்கி, அரைக் கிலோ ஷீட்டுக்கு நாலு லிட்டர் அளவில் ஊற்றி, ஆசிட் கலந்து வைக்கிற தட்டு. பால் எடுக்கிற நாளெல்லாம் அதைக் கழுவ வேண்டும், கவிழ்க்க வேண்டும், அடுக்க வேண்டும். எத்தனை கை படுகிறது! அதனால்தான் அதன் வாய் ஓரம் வெளிப்பக்கமாகச் சுருட்டியிருக்கிறது. சுருட்டியதால் கையும் தப்புகிறது, மெல்லிய தகடும் விறைத்து நிற்கிறது. வீட்டுக் குண்டானிலும் அதே சுருட்டல்தான். மடித்த ஓரம் கூடுதல் வேலை என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: பச்சை ஓரத்தோடு விட்ட பாத்தி காற்றில் படபடக்கும், ஏணி சாய்ந்த இடத்தில் நெளியும். ஒரு விரற்கடை மடித்தால் அதே தகடு வருடக்கணக்கில் நேராக நிற்கும்.

தென்னாட்டில் அலுமினியம் பெயரெடுத்ததும் பாத்திரமாகத்தான். 1898 வாக்கில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னைக் கலைப் பள்ளியில் நம் கைவினைஞர்களைக் கொண்டு அலுமினியப் பாத்திரம் செய்து பார்த்தார். சில வருடங்களில் அது தனித் தொழிலாயிற்று. திருவிதாங்கூரில் பள்ளிவாசல் புனல்மின்சாரம் வந்த பிறகு, 1943-ல் ஆலுவா அருகே அலுபுரத்தில் இந்தியாவின் முதல் அலுமினிய உருக்காலை ஓடத் தொடங்கியது. ஆக இந்த உலோகம் நமக்குப் புதியதில்லை. ஆனால் செம்பையும் பித்தளையையும் போல அது ஒரு சாதிக்குள் அடைபடவில்லை. கொல்லன் வீட்டுப் பிள்ளைதான் இரும்பைத் தொட வேண்டும், கன்னான் வீட்டுப் பிள்ளைதான் செம்பைத் தொட வேண்டும் என்றிருந்த ஊரில், ஒரு கத்தரியும் ஒரு கட்டிங் மெஷினும் வாங்கியவன் எவனும் அலுமினிய வேலைக்காரனாகலாம் என்று ஆனது. நல்லதுதான். 1888-ல் பக்கத்து அருவிப்புரத்தில் நாராயண குரு யாரிடமும் உத்தரவு கேட்காமல் சிவனைப் பிரதிஷ்டை செய்த மண்ணில் இதற்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஆனால் கூடவே ஒன்றை இழந்தோம். பழைய பட்டறையில் ஆசான் இருந்தார். பையன் முடித்த சாமானை வாங்கி, விளிம்பில் கட்டைவிரலை ஓட்டி, ஒன்றும் பேசாமல் மூலையில் வீசியெறிவார். பையன் மறுபடி உட்கார வேண்டியதுதான். இன்று செல்போனில் ஒரு வீடியோ வெட்டக் காட்டும், மடிக்கக் காட்டும், ரிவெட் அடிக்கக் காட்டும். முடித்ததை வாங்கிப் பார்த்து வீசியெறிய அதற்குக் கை இல்லை. அந்த ஆசானும் நீங்களே ஆக வேண்டும். தனுவச்சபுரம் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு வந்தவர் யாராவது உங்கள் தெருவில் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை உட்காரவைத்து அரம் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

இனி வேலைக்கு வருவோம். நல்ல விளிம்பு மடிக்கிற இடத்தில் தொடங்குவதில்லை, வெட்டுகிற இடத்திலேயே தொடங்குகிறது. தகரக் கத்தரியை நுனி வரை மூடாதீர்கள். முழுக்க மூடினால் ஒவ்வொரு கடிக்கும் ஒரு சிறு முள் நிற்கும். அந்த முள்தான் பிறகு சதையில் ஏறுகிறது. முக்கால் பங்கு மூடியதும் கத்தரியை முன்னே தள்ளி அடுத்த கடியைத் தொடங்குங்கள். வளைவு வெட்டக் கைப்பிடி நிறம் பார்த்து எடுங்கள்: சிவப்பு இடப்பக்கம் வளைய, பச்சை வலப்பக்கம் வளைய, மஞ்சள் நேராகப் போக. தவறான கத்தரியால் முறுக்கி வெட்டினால் ஓரம் பல்லிளிக்கும். நேர் வெட்டுக்கு இதைவிடவும் எளிய வழி ஒன்று உண்டு. இரும்புப் பட்டையைத் தகட்டின் மேல் கிளாம்ப் போட்டு இறுக்கி, கனமான கத்தி முனையால் அதே கோட்டில் நாலைந்து முறை ஆழக் கீறி, மேசை ஓரத்தில் வைத்து முன்னும் பின்னும் அசைத்தால் ஒரு மில்லிமீட்டர் தகடுவரை கோட்டோடு ஒடிந்து வரும். சத்தமில்லை, தூசியில்லை, மின்சாரமில்லை. ராத்திரி பத்து மணிக்குமேல் மெஷின் ஓட்டிப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்கிறவர்கள் இதைப் பழகிக்கொண்டால் தெருவுக்கே நிம்மதி.

கீறுவது வெட்டுகிற கோட்டுக்கு மட்டும்தான். மடிக்கிற கோட்டை ஒருநாளும் கூர்முனையால் கீறாதீர்கள். மார்க்கர் பேனாவால் போடுங்கள். கீறிய இடத்தில்தான் மடிப்பு விரிசல் விடும். இன்று தெரியாது. ஒரு மழைக்காலம் காற்றில் அசைந்து அசைந்து, அடுத்த மழைக்காலத்தில் அந்தக் கோட்டோடு கிழியும்.

எல்லா அலுமினியமும் மடியும் என்பது இன்னொரு மயக்கம். பாத்திரத்துக்கும் பாத்திக்கும் ஏற்ற மென்மையான தகடு வேறு. சட்டத்துக்கும் வண்டிக்கும் ஏற்ற கடினத் தகடு வேறு. 1100 அல்லது 3003 என்று கடையில் கேட்டு வாங்கினால் மெல்லிய அளவில் நன்றாக மடியும். 6061 டி6 என்ற கடின வகையைக் கூர்மையாக மடித்தால் பட்டென்று பிளக்கும். அதற்குத் தகட்டின் கனத்தைப் போல மூன்று மடங்கோ அதற்கு மேலோ உள்வளைவு விட வேண்டும். பழைய சாமான் வாங்கும் ஆக்ரிக் கடையில் எடுத்த தகட்டுக்குப் பெயரும் இருக்காது, எண்ணும் இருக்காது. அப்போது ஒரு மூலையில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை நீளவாக்கிலும் ஒன்றைக் குறுக்குவாக்கிலும் மடித்துப் பாருங்கள். உருட்டாலையில் தகடு ஓடிய திசைக்குக் குறுக்கே விழும் மடிப்பு தாங்கும். அதே திசையில் விழும் மடிப்பு சீக்கிரம் வெடிக்கும். இரண்டும் வெடித்தால் அந்தத் தகடு மடிப்பு வேலைக்கு ஆகாது என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

விறைத்த மென்தகட்டை இளக்கப் பழைய பட்டறைக்காரர் கையாண்ட சோப்பு வழி இன்றும் பலிக்கும். மடிக்கும் இடத்தில் சலவை சோப்பைத் தேய்த்து, மறுபக்கத்திலிருந்து தீயை நகர்த்தி நகர்த்திக் காட்ட வேண்டும். சோப்பு கறுத்ததும் தீயை எடுத்துவிட வேண்டும். இரும்பைப் போல சிவக்கட்டும் என்று காத்திருந்தால் கெட்டீர்கள். அலுமினியம் நிறம் காட்டாது. 660 டிகிரியில் சொல்லாமல் கொள்ளாமல் கீழே உருகி விழும்.

மடிப்பதற்கு மெஷின் வேண்டாம். இரண்டு எல் ஆங்கிள், இரண்டு சி கிளாம்ப், ஒரு கொட்டாப்புளி, ஒரு மரக்கட்டை போதும். தகட்டை ஆங்கிளுக்கு நடுவே இறுக்கி, மரக்கட்டையை வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டே போங்கள். ஒரே இடத்தில் நின்று அடித்தால் தகடு அங்கே நீளும், பிறகு எவ்வளவு தட்டினாலும் நேராகாது. இரும்புச் சுத்தியால் நேரடியாகத் தகட்டில் அடிக்கவே கூடாது. மூலைமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, தகடு கொஞ்சம் திரும்பி நிமிரும் என்பதால் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகவே மடித்து விடுங்கள்.

ஓர மடிப்புக்கு வெட்டும்போதே எட்டு அல்லது பத்து மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும். இரண்டு ஓரங்கள் சந்திக்கும் மூலையை மடிப்பதற்கு முன்பே சாய்வாகக் கத்தரித்து விடுங்கள்; இல்லாவிட்டால் மூலையில் நாலு தகடு சேர்ந்து ஒரு கொம்பு நீட்டும். அந்தக் கொம்புதான் குழந்தையின் நெற்றிக்கு நேராக வரும். முதலில் நேர்க்கோணம், பிறகு அதையும் தாண்டிச் சாய்த்து, அதே கனத் தகட்டில் ஒரு பட்டையை உள்ளே வைத்து மெல்லத் தட்டிப் படுக்க வைத்து, பட்டையை உருவி எடுத்துவிடுங்கள். சப்பென்று நசுக்கினால் வெளிப்பக்கம் வெடிக்கும். மடிப்பின் வாய் எப்போதும் கீழ்நோக்கி இருக்கட்டும். பூவாறு, பொழியூர், கொல்லங்கோடு பக்கத்து வீடுகளுக்குப் போகிற வேலையில் இதை மறக்கவே கூடாது. உப்புக்காற்றின் ஈரம் மேல்நோக்கிய மடிப்புக்குள் தங்கினால் அலுமினியம் வெண்பொடியாக உதிரும். அதே காரணத்தால் அங்கே வெறும் இரும்பு ஸ்குரூவும் செம்புக் கம்பியும் தகட்டைத் தொடாமல் ரப்பர் வாஷர் வையுங்கள், ஈர சிமென்டையும் படவிடாதீர்கள்.

இப்போது கட்டிங் மெஷின். ஏ.ஜி. ஃபோர் என்று நாம் சொல்கிற நாலு இன்ச் கிரைண்டர். மக்களே, இதைக் கொஞ்சம் நின்று கேளுங்கள்.

அதன் கார்டைக் கழற்றியவர்கள் இன்றே மாட்டுங்கள். இந்த வரியைப் படித்து முடித்ததும் எழுந்து போய் மாட்டிவிட்டு வந்து மீதியைப் படித்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். அந்தச் சக்கரம் நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று சுற்றுகிறது; விளிம்பின் வேகம் மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்குக் குறையாது. அந்த வேகத்தில் உடைந்த துண்டுக்கும் உங்கள் கழுத்துக்கும் நடுவே இருப்பது அந்த வளைந்த இரும்பு மூடி மட்டும்தான். கார்டைக் கழற்றிவிட்டு அஞ்சு இன்ச் டிஸ்க் போடுவதும், மரம் அறுக்கிற பல் பிளேடைப் போட்டு அலுமினியம் அறுப்பதும் நம் பக்கத்தில் கெட்டிக்காரத்தனம் என்று பெயர் வாங்கியிருக்கிறது. பல் பிளேடு தகட்டில் கடித்தால் மெஷின் கையிலிருந்து துள்ளும். மடக்கிக் கட்டிய கைலிக்குக் கீழே வெறும் தொடை. தொடையின் பெருநாளம் அறுந்தால் பாறசாலை தாலுகா ஆஸ்பத்திரிக்கு வண்டி போய்ச் சேரும் நேரம்கூடக் கிடைக்காது.

சாதாரண இரும்பு அறுக்கும் டிஸ்க்கை அலுமினியத்தில் வைப்பதும் வேண்டாம். அலுமினியம் இளகி, டிஸ்க்கின் துவாரங்களை அடைத்துக்கொள்ளும். அடைத்த டிஸ்க் வெட்டாது, சூடேறும், வெடிக்கும். அலுமினியத்துக்கென்று விற்கும் டிஸ்க் கேட்டு வாங்குங்கள். ஜிக்சாவில் மெல்லிய பல் பிளேடு போட்டு, கோட்டின் மேல் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு அறுத்தால் கிரைண்டரே தேவைப்படாத வேலைதான் பெரும்பாலும்.

டிரில் போடும்போது ஒரு கையால் தகட்டைப் பிடித்து மறுகையால் மெஷினை அழுத்துகிறீர்களே, அதை விட்டுவிடுங்கள். துளை கடைசியில் மறுபக்கம் உடைபடும் நொடியில் பிட் தகட்டைக் கவ்வும். தகடு சுழலும். நாலு பச்சை விளிம்பும் சேர்ந்து சுழலும். மேலும் கீழும் பலகை வைத்துக் கிளாம்ப் போட்டுத் துளையிடுங்கள். தகட்டைத் தூக்கும்போது தோல் கையுறை கட்டாயம். சுழலும் மெஷின் பக்கத்தில் தொளதொள பருத்திக் கையுறை கூடவே கூடாது, அது கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

கண்ணுக்கு வருகிறேன். இரும்புப் பட்டறையில் கண்ணில் தூள் விழுந்தால் காந்தத்தைக் காட்டி எடுக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதுவே ஆபத்தான வைத்தியம். அலுமினியத்துக்கு அதுவும் ஓடாது. இந்த உலோகத்தைக் காந்தம் இழுக்காது. கைலி நுனியைத் திரித்து நண்பன் கண்ணுக்குள் விடுவது, நாக்கால் எடுப்பது, கசக்குவது எல்லாமே கருவிழியைக் கீறும். சுத்தத் தண்ணீரால் கழுவியும் உறுத்தல் போகவில்லையென்றால் அன்றே கண் டாக்டரிடம் போங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். பக்கவாட்டு மறைப்புள்ள கண்ணாடியின் விலை பெரிய தொகையில்லை. அதை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்களை என்ன சொல்வது? பக்கத்தில் பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கும் ஒரு கண்ணாடி கொடுங்கள், அல்லது பிள்ளையை வெளியே அனுப்புங்கள்.

தரையில் படியும் தூளைப் பற்றி இங்கே யாரும் கவலைப்பட்டு நான் கேட்டதில்லை. 2014 ஆகஸ்ட் 2 அன்று சீனாவின் குன்ஷான் நகரில், காருக்கான அலுமினியச் சக்கரங்களைப் பளபளப்பாக்கும் ஆலையில் அந்தத் தூள்தான் வெடித்தது. முதல் சில நாட்களிலேயே எழுபத்தைந்து பேர் இறந்தார்கள். பிறகு கணக்கு நூறைத் தாண்டியது. நம் சாய்ப்பில் அத்தனை தூள் சேராது என்பது உண்மை. ஆனால் ஒரே கிரைண்டிங் கல்லில் காலையில் அலுமினியமும் மதியம் துருப்பிடித்த இரும்பும் தேய்க்கிறோம். அலுமினியத் தூளும் இரும்புத் துருவும் சேர்ந்த கலவை தண்டவாளங்களை ஒன்றோடொன்று பற்றவைக்கப் பயன்படுத்தும் கலவை. ஒரு பொறி போதும். கல்லைத் தனித்தனியாக வையுங்கள், தூளை அன்றன்று பெருக்குங்கள். தீப்பிடித்தால் அதன் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள்; எரியும் அலுமினியத் தூள் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து இன்னும் சீறும். ஒரு வாளி உலர்ந்த மணல் வாசலருகே எப்போதும் இருக்கட்டும்.

தகட்டை வாங்கி வருகிற விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டும். எட்டடிக்கு நாலடி, ஒரு மில்லிமீட்டர் தகடு எட்டுக் கிலோதான் கனக்கும். அந்த இலேசுதான் வினை. பின்னால் ஒருவனை உட்காரவைத்து, அரைகுறையாகச் சுருட்டிய தகட்டை அவன் கையில் கொடுத்து, களியக்காவிளையிலிருந்து உதியன்குளங்கரை வரை தேசிய நெடுஞ்சாலையில் பைக்கில் வருகிறார்கள். காற்று அடித்தால் சுருள் விரியும். விரிந்த விளிம்பு, எதிரே ஸ்கூட்டியில் வருகிற பெண்ணின் கழுத்து உயரத்தில் இருக்கும். இதை ஒருவர் செய்வதைப் பார்த்தும் பேசாமல் போகிறவர்கள் எல்லோரும் அதில் பங்காளிகள். ஆட்டோ பிடியுங்கள். சுருளை மூன்று இடத்தில் கயிற்றால் இறுக்கி, இரண்டு வாயிலும் சாக்கைக் கட்டுங்கள். ஆட்டோக் கூலியை வீட்டுக்காரர் கணக்கில் தைரியமாக எழுதுங்கள். கொடுக்க மறுக்கிறவர் வேலையை விட்டுவிடுங்கள். அதே போல, மொட்டைமாடிக்கு மேலே மின்கம்பி போகிற வீட்டில் தகட்டை நிமிர்த்துத் தூக்காதீர்கள், அலுமினிய ஏணியையும் தூக்காதீர்கள். மாங்காய் பறிக்க இரும்புத் தோட்டி வேண்டாம் என்று மின்வாரியம் வருடந்தோறும் சொல்வது இந்த வேலைக்கும்தான். செக்ஷன் ஆபீசில் சொல்லிக் கம்பியில் மின்சாரத்தை நிறுத்தித் தரச்சொல்லிக் கேளுங்கள். ஒரு நாள் தாமதமானால் ஆகட்டும்.

சொன்ன கனத்தில் தகடு போடாமல் ஏமாற்றுவதும் இதோடு சேர்ந்ததுதான். 22 கேஜ் என்று பேசிவிட்டு 24 கேஜ் மடித்துக் கொடுத்தால் கண்ணால் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது, 0.71 மில்லிமீட்டருக்கும் 0.56 மில்லிமீட்டருக்கும் பார்வையில் என்ன வித்தியாசம்? தராசு கண்டுபிடிக்கும். ஒரு முழுத் தகட்டில் ஒரு கிலோவுக்கு மேல் குறையும். வீட்டுக்காரர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: வேலை தொடங்கும் முன் தகட்டை எடை போட்டுக் காட்டச் சொல்வது அவமரியாதை இல்லை. மெல்லிய தகடு மடிப்பில் சீக்கிரம் களைக்கும், பாத்தி நிறையத் தண்ணீர் நிற்கும்போது தொங்கும், கடைசியில் வாசலில் நிற்கிறவர் தலையில் இறங்கும். அச்சகம் கழித்த ஆஃப்செட் தகட்டை மறைத்துப் போடுகிறவர்களும் உண்டு. அது கால் மில்லிமீட்டர் அளவே இருக்கும். அதன் பச்சை ஓரம் சவரக்கத்திக்குக் குறைந்ததில்லை. கோழிக்கூட்டுக்கு உள்வரி போட ஆகலாம், அதுவும் ஓரம் இரண்டு முறை மடித்தால்.

கடை முகப்புக்கு ஏ.சி.பி. அடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு மெல்லிய அலுமினியத் தோலுக்கு நடுவே இருப்பது பெரும்பாலும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் இறந்த தீ, அந்த மாதிரிப் பலகையைப் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏறியது. மேலே ஆள் குடியிருக்கும் கட்டடத்தில் என்ன வகை நடுப்பலகை போடுகிறீர்கள் என்பதைக் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதன் பக்கத்தில் வெல்டிங் வைக்காதீர்கள், நறுக்குத் துண்டுகளைக் குவித்து எரிக்காதீர்கள்.

நறுக்குகளைச் சொன்னதும் இன்னொரு கை நினைவுக்கு வருகிறது. மாதம் தோறும் ஹரித கர்ம சேனாப் பெண்கள் வீடுவீடாக வந்து சாக்கில் கழிவை வாங்கிப் போகிறார்கள். அந்தச் சாக்கை அவர்கள் தோளில் சாய்க்கிறார்கள், பிறகு தரையில் கொட்டி, உட்கார்ந்து, கையால் பிரிக்கிறார்கள். பால் பாக்கெட்டுக்கும் மருந்துப் பட்டைக்கும் நடுவே உங்கள் முக்கோணத் துண்டு ஒன்று கிடந்தால் என்ன ஆகும்? அலுமினிய நறுக்கு குப்பையே இல்லை. தாதுவிலிருந்து புதிதாக எடுக்கத் தேவைப்படும் சக்தியில் இருபதில் ஒரு பங்கில் அது மறுபடி தகடாகும். ஆக்ரிக் கடைக்காரர் நல்ல விலைக்கு எடுப்பார். மேசைக்கு அடியில் காலி பெயின்ட் டின் ஒன்றை வைத்து, வெட்டிய கையோடு நறுக்கை அதில் போடுங்கள். நீளக் கீற்றுகளை இடுக்கியால் சுருட்டி முனையை உள்ளே செருகுங்கள். தூளைத் தனி டின்னில், ஈரம் படாமல், மூடியை இறுக்காமல் வையுங்கள். நிறைந்ததும் டின்னோடு எடுத்துக் கொடுங்கள், சாக்கில் கொட்டிக் கொடுக்காதீர்கள். டின்னின் மேல் ‘கை அறுக்கும், கவனம்’ என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டிவிடுங்கள்; தூக்க வருகிறவர் எந்த எழுத்து படித்தவரோ.